திங்கள்கிழமை பேசலாம்

நார்த் கில்லம், வெர்மான்ட்
மார்ச் 9

அன்புள்ள வெண்டல்,

உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அலாஸ்காக் குளிரில் கூடியிருக்கும் என்று அப்பா சொல்கிறார். இங்கே என் இருமல் என்னை விட்டு அவரிடம் போயிருக்கிறது. மற்றபடி நலம்.

ஒரு செய்தி. சிரிக்காதே. அப்பா இருக்கும் ஊர்க்குழுவுக்கே என்னையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வருடாந்தர ஊர்க்கூட்டத்தன்று காலையில் ஃபிலிஸ் குழுவில் தன் இடத்தை விட்டுவிட்டு மகளோடு இருக்க ஃப்ளோரிடா போவதாக அறிவித்தாள். அந்த இடத்துக்கு யாரும் மனு போட்டிருக்கவில்லை. ஆகவே ஆளாளுக்குத் துண்டுச் சீட்டில் ஒரு பெயரை எழுதிப் போடச் சொன்னார்கள். மதியம் பீன்ஸும் பன்றி இறைச்சியும் சாப்பிடும்போது யாரோ, "நூலகத்துப் பொண்ணு எந்நேரமும் படிச்சிட்டே இருக்கு, சட்டப் புத்தகத்தையும் அதுவே படிக்கட்டுமே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைப்பதற்குள் என் பெயரை வாசித்துவிட்டார்கள்.

எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு லோர்னா பெக்வித் எழுந்தாள். "ஒரு சந்தேகம். குழுவுல மொத்தமே மூணு பேர். அதுல ரெண்டு பேர் சேர்ந்து ஊர் விஷயம் பேசினா சட்டப்படி அது கூட்டம். முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டணும், கதவைத் திறந்து வைக்கணும். இப்ப அப்பாவும் பொண்ணும் ரெண்டு பேர். ஸ்டானர்ட் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்களும் வரலாமா?"

அப்பா எழுந்தார். "தாராளமா வாங்க லோர்னா. பாத்திரம் மட்டும் நீங்க கழுவணும்."

மண்டபமே சிரித்தது. பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார். "வீட்டுல ஊர் விஷயம் ஒரு வார்த்தை பேசமாட்டோம். சமையலறையில முடிவெடுக்காதீங்கன்னு இதே மண்டபத்துல கத்தினவன் நான்."

உனக்கு நினைவிருக்கும். ஊரின் சரளைக் குழியை யாரோ ஒருவரின் மைத்துனருக்கு ஒரு சமையலறையில் காபி குடித்துக்கொண்டே விற்றார்கள் அல்லவா, அந்தக் கோபத்தில்தான் அப்பா முதன்முதலில் குழுவுக்குப் போனார். லோர்னா அன்று அவருக்காக வீடுவீடாக ஓட்டுக் கேட்டவள்.

கடலில் கவனமாக இரு. காலுறையை ஈரத்தோடு போடாதே.

கோரி

—

டச் ஹார்பர், அலாஸ்கா
ஏப்ரல் 11

கோரி,

மூன்று வாரம் கப்பலில் மீன் எண்ணும் வேலை பார்த்துவிட்டு நேற்றுத்தான் கரை இறங்கினேன். தோள் இருக்கிறது. வலியும் அதோடு இருக்கிறது. வேறு குறையில்லை.

குழு உறுப்பினர் அம்மணிக்கு வணக்கம். உன் கடிதத்தைக் கப்பல் சமையற்காரனிடம் படித்துக் காட்டினேன். "அப்பனும் மகளும் பேசிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டமா? எங்க வீட்டுக்கு அதை அனுப்பி வைக்கச் சொல்லு" என்றான்.

ஒன்று கேட்கட்டுமா? நீயும் அப்பாவும் வேறென்னதான் பேசுவீர்கள்? அவருக்குச் சாலை, பாலம், பனி அள்ளும் வண்டி, இவற்றை விட்டால் பேச்சு கிடையாது. உனக்குப் புத்தகம். இரண்டுக்கும் நடுவே இருப்பது உருளைக்கிழங்குதான்.

அவருடைய இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாரா? பார்க்கமாட்டார், தெரியும். நீ பார்க்க வை.

வெண்டல்

—

நார்த் கில்லம்
மே 2

அன்புள்ள வெண்டல்,

இருமல் போய்விட்டது, மருத்துவர் இல்லாமல்தான். நீ நலமென்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி உனக்கு மின்னஞ்சல் அனுப்பப்போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கடை வாசலில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பா வண்டி மூடியைத் திருகிக்கொண்டே, "கட்லர் ஓடை ரோட்டுக்கு இன்னும் ரெண்டு லோடு சரளை அடிக்கணும் கோரி" என்றார். நான், "அடிச்சிரலாம்ப்பா" என்றேன். அவ்வளவுதான். அடுத்த பம்பில் லோர்னா நின்றாள்.

புகார் வந்தது. எழுத்தில், மரியாதையாக, சட்டப் பிரிவு எண்ணோடு. எங்கள் மின்னஞ்சல்களையும் கேட்டாள். ஊர் எழுத்தர் என் கணினி முன் உட்கார்ந்து எது பொது, எது சொந்தம் என்று பிரித்தாள். அம்மாவின் கல்லறைக்கு என்ன செடி வைக்கலாம் என்று நான் உனக்கு எழுதியதை அவள் படித்தாள். "இது வேணாம்" என்று மெதுவாகச் சொல்லி நகர்ந்தாள். அவள் நல்லவள். இருந்தாலும் படித்தாள்.

அடுத்த கூட்டத்தில் நாங்கள் இருவரும் எழுந்து நின்று, அறிவிப்பில்லாமல் ஊர்ப் பணி பேசினோம் என்று வாசித்து ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கேபிள் சேனலில் அது நான்கு முறை வந்தது. அப்பாவின் காது மடல் சிவந்து அதுவரை நான் பார்த்ததில்லை. வாசித்து முடித்துக் கண்ணாடியை மடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

லோர்னாவின் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. அவள் கேட்டது சரி. நாங்கள் செய்தது தவறு. இரண்டும் உண்மையாக இருந்துகொண்டே ஏதோ ஒன்று உறுத்துகிறது, அது என்னவென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினார்: "கூட்டம்: இரவுச் சாப்பாடு. பொருள்: உருளைக்கிழங்கு. பொதுமக்கள் வரவேற்கப்படுகிறார்கள்." சிரித்தேன். இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. யாராவது ஊர்ப் பேச்சைத் தொடங்கினால் மற்றவர் ஒரு விரலைத் தூக்கி, "திங்கள்" என்று சொல்ல வேண்டும். குழு கூடுவது திங்களன்று.

நலமாக இரு. காகிதத்தில் எழுது.

கோரி

—

டச் ஹார்பர்
மே 24

கோரி,

கை விரல்கள் வீங்கியிருக்கின்றன, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உடம்பு சரிதான்.

அப்பா போன் செய்தார். அரை மணி நேரம்! அவர் வாழ்நாளில் போனில் இவ்வளவு பேசியதில்லை. கட்லர் ஓடைப் பாலத்தைப் பற்றித்தான். கிழக்குக் கரையில் சாலைக்கு அடியிலிருந்து மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகிறதாம். மேலே பார்த்தால் தெரியாது, கீழே இறங்கிக் கையை விட்டால் முழங்கை வரை போகிறது என்றார். அரசு பொறியாளர் வந்து மேலே நின்று பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று போய்விட்டாராம். கூட்டத்தில் கேமரா முன்னால் சொன்னால் ஊர் பதறும், உறுதியாகத் தெரியாமல் சொல்ல மனமில்லை, முதலில் உன்னிடம் சொல்லி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்கிறார். "அவ மூளை நல்ல மூளைடா" என்றார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாலாயிரம் மைலுக்கு அப்பால் சொல்லி அனுப்புகிறார். நான் சொல்லிவிட்டேன். என்ன நினைக்கிறாய்?

சாப்பிடுகிறாயா ஒழுங்காக?

வெண்டல்

—

நார்த் கில்லம்
ஜூன் 8

அன்புள்ள வெண்டல்,

உன் விரல் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் நலம்.

இனி இப்படி எழுதாதே. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தெளிவாகச் சொல்கிறேன். இருவர் நேரில் பேசாமல் மூன்றாம் ஆள் வழியாகச் செய்தி மாற்றிக்கொண்டாலும் அது மறைவான கூட்டம்தான். பயிற்சி வகுப்பில் இதைப் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். உன் கடிதம்கூட இப்போது கேட்டால் காட்ட வேண்டிய கடிதம். மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருக்கிறேன்.

அப்பா உன்னிடம் குழு விஷயம் எது சொன்னாலும் அதை உன்னோடு வைத்துக்கொள். எனக்குச் சொல்லாதே. சத்தியம் செய்.

பாலத்தைப் பற்றி அவர் கூட்டத்தில் பேசட்டும். அதற்காகத்தான் கூட்டம். போன திங்கள் அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். கேமராவைப் பார்த்தார், லோர்னாவின் குறிப்பேட்டைப் பார்த்தார், பனி வண்டியின் டயரைப் பற்றிப் பேசினார். நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வருமே.

வீட்டில் அமைதியாக இருக்கிறோம். சாப்பிடும்போது வானொலி வைத்துக்கொள்கிறோம். முன்பு "திங்கள்" என்று சொன்னால் சிரிப்போம். இப்போது விரல் மட்டும் போதும்.

ஸ்ட்ராபெர்ரி பழுத்துவிட்டது. உனக்கு ஜாம் அனுப்புகிறேன்.

கோரி

—

நார்த் கில்லம்
ஜூலை 19

வெண்டல்,

கப்பலுக்கு வானொலியில் செய்தி சொல்லிவிட்டதாகக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். நீ வர வழியில்லை என்றும் சொன்னார்கள். நேற்று அடக்கம் முடிந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில்.

நடந்ததை நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வியாழன் மதியத்திலிருந்து மழை. ஆறு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ஈர பூட்ஸோடு உள்ளே வந்தார். நான் ஒரு புத்தகத்தைப் பால் குடுவையில் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். "கோரி, அந்தக் கட்லர் பாலம்..." என்றார்.

நான் விரலைத் தூக்கினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆமா, ஆமா. திங்கள்" என்றார். உருளைக்கிழங்கில் பாதியைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். வண்டிச் சாவி சத்தம் கேட்டது.

மிச்சத்தைப் பால் டாங்கர் ஓட்டும் ரூடி சொன்னான். இருட்டத் தொடங்கியிருந்ததாம். பாலத்துக்கு முன்னால் சாலையின் குறுக்கே அப்பாவின் வண்டி, விளக்குகள் மின்னிக்கொண்டு.

"பாலத்தை மூடியாச்சா ஹார்லன்னு உங்க அப்பாகிட்ட கேட்டேன். 'மூடுறதுக்குக் குழு உத்தரவு வேணும் ரூடி, நான் ஒத்தை ஆளு. ஆனா பாரு, என் வண்டி ரிப்பேராகி நடு ரோட்டுல நின்னு போச்சு. நீ தாண்ட முடியாது'ன்னாரு. என்ஜின் ஓடிட்டிருந்துச்சு கோரி. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே வண்டியைத் திருப்பிட்டேன்."

ரூடி திருப்பிக்கொண்டு போன சிறிது நேரத்தில் கரை சரிந்து போயிற்று. பாலம் அப்படியே நிற்கிறது. அவர் நின்ற இடத்துச் சாலைதான் இல்லை.

நீ சாப்பிடு. தூங்கு.

கோரி

—

நார்த் கில்லம்
செப்டம்பர் 14

அன்புள்ள வெண்டல்,

ஆகஸ்டில் எழுதியது கிடைத்திருக்கும். பதில் இல்லை. கடலில் இருக்கிறாய் என்று எண்ணிக்கொள்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

போன வாரம் பாலத்தைப் பற்றிய பொது விசாரணை பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. இவ்வளவு பேரை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. ஊர் வழக்கறிஞர் கேட்டார்: "அன்று மாலை உங்கள் தந்தை பாலத்தைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

"தொடங்கினார். நான் நிறுத்திவிட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"அறிவிப்பு ஒட்டியிருக்கவில்லை."

குழுத் தலைவர் டுவேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டத்தை இவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்த உறுப்பினருக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்றார். கைதட்டினார்கள், வெண்டல். எனக்குக் கைதட்டினார்கள்.

பிறகு வழக்கறிஞர், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் எச்சரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று விளக்கினார். அவசரம் என்றால் அறிவிப்பே தேவையில்லையாம். நீங்கள் பேசியிருக்கலாம் என்றார். மிக அன்பான குரலில்.

சட்டம் எங்களிடம் கேட்டது கொஞ்சம்தான். நாங்கள்தான் எங்கள் பேச்சு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டோம்.

அன்று மாலை லோர்னா மக்ரோனி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள். "பெட்ரோல் பங்க்குல நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். "இல்ல, நீங்க சொன்னது சரி" என்றேன். "சரின்னு தெரியும்டி. அதான் தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள். மழையில் நனைந்துகொண்டே போனாள். உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும்.

எழுது.

கோரி

—

டச் ஹார்பர்
அக்டோபர் 20

கோரி,

உடம்பு நலம். மீன் குறைவு. ஜாம் கிடைத்தது, புட்டி உடையவில்லை. குளிர் தொடங்கிவிட்டது. விறகு அடுக்கிவிட்டாயா? ஆள் வைத்து அடுக்கு, நீயே தூக்காதே.

வெண்டல்

—

நார்த் கில்லம்
நவம்பர் 27

அன்புள்ள வெண்டல்,

விறகு அடுக்கியாயிற்று. ரூடி வந்து உதவினான். எனக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது சரி.

இன்று நன்றி நாள், குடும்பமாகச் சாப்பிடும் நாள். லோர்னா கூப்பிட்டிருந்தாள், போகவில்லை. ஒரு கோழிக்காலைச் சுட்டு, வானொலி வைத்து, அப்பாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன் கடிதத்தில் அப்பா என்ற சொல்லே இல்லை. முதலில் கவனிக்கவில்லை. பிறகு திரும்பத் திரும்பப் படித்தேன். நீ என்மேல் கோபமாக இருந்தால் அதை எழுதிவிடு. நிமிர்ந்து பார்க்காத ஒருத்திமேல் கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. கோபத்தை என்னால் தாங்க முடியும். மீன் குறைவு, புட்டி உடையவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தோளுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு.

கோரி

—

டச் ஹார்பர்
ஜனவரி 16

கோரி,

காய்ச்சல் திரும்ப வரவில்லையே? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். சுமாராக இருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை நான் கரையில்தான் இருந்தேன். உங்கள் நேரப்படி ஐந்து மணி இருக்கும், அப்பா போன் செய்தார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஓடைக்கு இறங்கிப் பார்த்ததாகவும், முழங்கை போன இடத்தில் இப்போது ஆளே போகலாம் என்றும் சொன்னார். டுவேனுக்குப் போன் போட்டாராம், எடுக்கவில்லையாம். "கோரிகிட்ட சொல்லணும்டா" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னை இதுல இழுக்காதீங்கப்பா. அவகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றேன்.

அவர், "சரிதான். நல்லா வளர்த்திருக்கேன் உங்க ரெண்டு பேரையும்" என்றார். கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். "சாப்பிடும்போது நானே சொல்லிப் பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

உன் எண் என் போனில்தான் இருந்தது. பத்து இலக்கத்தை அழுத்தக்கூட வேண்டாம், ஒரே பொத்தான். கையில் வைத்துக்கொண்டே துறைமுகம் வரை நடந்தேன். சத்தியம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நீ திட்டுவாய் என்பது. மறுநாள் விடிவதற்குள் கப்பல் ஏறிவிட்டேன்.

நீ அப்பாவை நிறுத்தியதை விசாரணை மன்றத்தில் சொன்னதாக உன் செப்டம்பர் கடிதத்தில் எழுதியிருந்தாய். எனக்கு அப்படி நின்று சொல்ல ஒரு மன்றமும் இல்லை. அதனால்தான் மீனைப் பற்றி எழுதினேன்.

பனி அதிகமாக இருந்தால் கூரையைத் தட்டிவிடச் சொல்.

வெண்டல்

—

நார்த் கில்லம்
மார்ச் 8

அன்புள்ள வெண்டல்,

கூரை பத்திரம். நான் பத்திரம். உன்னைப் பற்றித்தான் இரவும் பகலும் நினைப்பு. ஒழுங்காகச் சாப்பிட்டால் மட்டும் போதாது, யாரோடாவது பேசு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் பதில் எழுத உட்கார்ந்தேன். மன்னிக்க நான் யார்? சத்தியம் கேட்டவள் நான்தானே. அப்பா அன்று மூன்று பேரிடம் சொல்லப் பார்த்திருக்கிறார். ஒருவர் போனை எடுக்கவில்லை. மற்ற இருவரும் விதிப்படி நடந்தோம். அவர் கடைசியாக நம்மைப் பற்றிச் சொன்னது மெய்யாகத்தான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

செவ்வாயன்று ஊர்க்கூட்டம். நான் மறுபடி நிற்கவில்லை. லோர்னா ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்: குழுவில் மூன்றுக்குப் பதில் ஐந்து பேர். ஐந்தில் இருவர் பெரும்பான்மை இல்லை. ஆகவே எந்த இருவரும் எங்கே வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், அது கூட்டமாகாது. அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் எப்போதோ இப்படி மாற்றிவிட்டார்களாம். "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று தலைமை தாங்கியவர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் "ஆம்" என்றார்கள். எதிர்ப்பு இல்லை. பீன்ஸ் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தேவாலயத்து நிலவறையிலிருந்து இன்னும் இரண்டு மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து மேசைக்குப் பின்னால் போட்டார்கள்.

இரண்டு நாற்காலிகள், வெண்டல்.

லோர்னாவையே ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவளும் டுவேனும் காபிப் பானைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த ஸ்கூல் ரோட்டுத் திருப்பத்துக்கு இந்த வருஷம் ஏதாவது பண்ணணும் டுவேன்" என்றாள் அவள். "பண்ணிரலாம் லோர்னா" என்றார் அவர். சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே, எவ்வளவு சாதாரணமாக.

நான் கையில் ஆப்பிள் பை தட்டோடு தள்ளி நின்றிருந்தேன். என் வலது கை விரல் தானாக மேலே போயிருந்தது. பார்த்துவிட்டுக் கீழே இறக்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

குளிர்ப்பெட்டியில் அப்பா ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது. ஓரம் சுருண்டுவிட்டது.

நான் இப்போது எந்தக் குழுவிலும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். நீ எனக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாம், போனில் சொல்லலாம். எந்தக் கிழமையானாலும் சரி.

கோரி